ஒரு கழுத்து, இரண்டு கை

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பாக்கிறவர்?"
கிளினிக்கில் மிஸ்ஸி கேட்டா.
பேனை கொப்பிக்கு மேலே காத்துக்கொண்டு நின்றது.
"அரை மணித்தியாலம் மிஸ்ஸி,
அதுவும் சாப்பிடேக்கை மட்டும்."
என் மடியிலிருந்து அக்சரன்
அவவின் மேசைக் கண்ணாடியை
ஒற்றை விரலால் மேலே தள்ளிக்கொண்டிருந்தான்.
அடியில் கிடந்த தடுப்பூசி அட்டவணை
அசையவில்லை என்று சிணுங்கினான்.
அவ எழுதினா: அரை.

எனக்கு மணிக்கணக்குத் தெரியாது.
தெரிந்த கணக்கு வேறை.
கரடிக் காட்டூன் ஒன்று முடிய
ஒரு பிளவுசுக்குக் கழுத்து வெட்டிப் பைப்பிங் வைக்கலாம்.
பஸ் பாட்டு மூன்று ஓடினால் இரண்டு கை.
சொக்லேட் முட்டை உடைத்து
உள்ளே இருக்கிற விளையாட்டுச் சாமானைக் காட்டுவானே ஒரு பெரிய பொடியன்,
அவன்ரை வீடியோ நீளம்.
நல்லாயிருப்பான்.
ஒரு லைனிங் முழுக்க முடியும்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
பதினேழு பிளவுஸ்.
ஊசியும் கத்தரிக்கோலும் கிடக்கிற அறையில்
இரண்டரை வயதுக் கைகளுக்கு
வேறை என்னத்தைக் கொடுக்க?

ரொறன்ரோவிலிருந்து மச்சாள்
மூளைப் படம் அனுப்புறா,
சிவப்பும் நீலமுமாய்,
குறுக்காலே வெட்டின பூசணிக்காய் மாதிரி.
அதையும் போனில்தான் பார்க்கிறேன்.
அவன் பறிக்கிறான்.
முன்வீட்டுச் சுகிர்தா ரீச்சர்
தன்ரை பிள்ளைக்கு ஆறு வயதுமட்டும் காட்டவே இல்லையாம்.
அவவின் வீட்டில் வேலைக்கு ஆள் நிக்குது,
அதை அவ சொல்லமாட்டா.
நானும் சொல்லுறேல்லை.
அவவின் பட்டுப் பிளவுசும் என்னட்டைத்தான் கிடக்குது.

இவர் சொல்லுவார்:
"ஏழு வயதிலைதான் நான் பல்பு எரியக் கண்டனான்.
ஜாம் போத்தில் விளக்கு,
சைக்கிளை உழக்கினால் ரேடியோ.
பாக்கட்டும் விடு, கண் நிறையப் பாக்கட்டும்."
சுன்னாகத்துக் கடையைப் பூட்டி எட்டரைக்கு வந்து
சீமெந்துத் தூசியோடேயே சரிவார்.
தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே தலையணை, ஒரே வெளிச்சம்.
சிலவேளை பிள்ளை நித்திரையாகிவிடும்.
கரடி தேன் தேடிப் போய்க்கொண்டேயிருக்கும்.
இவர் நிப்பாட்ட மாட்டார்.

போன கிழமை அவன் என்னைப் பார்த்து,
"அம்மா, சும்மா பேசிட்டே இருக்காதீங்க" என்றான்.
பேசிட்டே!
எங்கடை பக்கத்தில் கதைக்கிறது வேறை,
பேசுறது வேறை.
பேச்சு என்றால் ஏச்சு.
எந்த ஊர்க் கரடி படிப்பித்ததோ.
ஊசியில் நூல் கோத்துக்கொண்டு யோசித்தேன்.
எந்தக் கருத்தில் எடுத்தாலும்
பிள்ளை சொன்னது சரி.

கிளினிக்கால் வந்த அன்று
மெஷினை மூடினேன்.
போனை அரிசி வாளிக்குள் வைத்தேன்.
புட்டும் முட்டைப்பொரியலும்.
முதல் வாயைத் துப்பினான்.
இரண்டாவது என் சட்டையில்.
பிறகு நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தி
நிலத்தில் புரண்டு,
கதவுக்குப் பின்னால் போய் நின்று,
தானாகத் திரும்பி வந்தான்.
புட்டு ஆறிப்போயிருந்தது.
வாயைத் திறந்தான்.
மென்றான்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
திரும்பவும் பார்த்தான்.
"ஏன் அம்மா என்னைப் பாக்கிறீங்க?"

பதில் வரேல்லை.
அவன் காதுக்குப் பின்னால்
எள்ளளவு மச்சம் ஒன்று.
இது எப்ப வந்தது?

கேற் தட்டுப்பட்டது.
"பிளவுஸ் முடிஞ்சுதோ?"
"நாளைக்கு ரீச்சர், கட்டாயம் நாளைக்கு."
அந்த நேரம் பார்த்து
அரிசிக்குள் போன் நடுங்கியது.
குழைத்த புட்டு கையில் இருக்க
இரண்டு பேரும் வாளிப்பக்கம் திரும்பினோம்.
நான்தான் முதலில்.